எடிட்டரோடு எப்போது பேசுவது? கட்டுரையை அனுப்பும் வழிகள், ஓர் ஒப்பீடு

“மேடம், அஞ்சு வாரமா ‘வித் எடிட்டர்’னே காட்டுது. ஒரு மெயில் போட்டா தப்பா எடுத்துப்பாங்களா?”

முனைவர் பட்டத்தின் கடைசி ஆண்டில் இருக்கும் ஒரு பெண், ஆய்விதழுக்கு அனுப்பிய தன் கட்டுரையின் நிலையைக் காட்டும் திரையைப் பார்த்துவிட்டுக் கேட்டது இது. நானும் அந்தத் திரையை நாளுக்கு நான்கு முறை திறந்து பார்த்தவள்தான். பிறகு ஓர் ஆய்விதழில் ஆறு ஆண்டுகள் இணை எடிட்டராக இருந்தேன். அந்தப் பக்கம் போய் உட்கார்ந்த பிறகுதான் அந்த ஐந்து வாரத்தில் என்ன நடக்கிறது என்று புரிந்தது. எடிட்டர் கட்டுரையை வரிவரியாகப் படித்துக்கொண்டிருக்கவில்லை. மறந்துபோகவும் இல்லை. பெரும்பாலும் ஆள் தேடிக்கொண்டிருப்பார்.

நான் கையாண்ட ஒரு கட்டுரைக்கு இரண்டு மதிப்பாய்வாளர்கள், அதாவது அதைப் படித்துக் கருத்துச் சொல்லும் அதே துறை ஆய்வாளர்கள், வேண்டியிருந்தது. பதினொரு பேரை அழைத்தேன். மூன்று பேர் நேரமில்லை என்றார்கள். ஒருவரிடமிருந்து, விடுப்பில் இருப்பதாகத் தானியங்கிப் பதில். ஒருவர் ஒப்புக்கொண்டு பதினெட்டாம் நாள் கழன்றுகொண்டார். நான்கு பேர் வாயே திறக்கவில்லை. மிச்சமிருந்த இரண்டு பேர்தான் எழுதித் தந்தார்கள். நான் மட்டும் பட்ட பாடு இல்லை இது. மதிப்பாய்வுகளைப் பதிவுசெய்துவந்த பப்ளான்ஸ் நிறுவனம் 2018-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, ஒரு மதிப்பாய்வு கைக்கு வர 2013-இல் சராசரியாக 1.9 அழைப்புகள் தேவைப்பட்டன. 2017-இல் அது 2.4 ஆனது. இத்தனை அலைச்சலும் கட்டுரையாளரின் திரையில் ‘வித் எடிட்டர்’ என்ற இரண்டு சொல்லாகத்தான் தெரியும். ஒரு மதிப்பாய்வாளராவது ஒப்புக்கொண்ட பிறகே ‘அண்டர் ரிவ்யூ’ என்று மாறும் மென்பொருள்களும் உண்டு. எந்தச் சொல் எந்தக் கட்டத்தைக் குறிக்கிறது என்பது இதழுக்கு இதழ் வேறுபடும். அதை யாரும் உட்கார்ந்து சொல்லித்தருவதில்லை.

தமிழில் ஒரு வேடிக்கை உண்டு. எழுதியவரும் ஆசிரியர், இதழை நடத்துபவரும் ஆசிரியர், பாடம் சொல்பவரும் ஆசிரியர். குழப்பம் வேண்டாமென்று இங்கே ‘எடிட்டர்’ என்றே எழுதுகிறேன். நாம் பேசுவதும் அப்படித்தானே. ஆனால் கட்டுரையாளர்கள் பலரும் எடிட்டரை மூன்றாவது பொருளில்தான் நினைத்துக்கொள்கிறார்கள்: விடைத்தாள் திருத்தி மதிப்பெண் போடுபவர் என்று. சிக்கலின் பாதி அங்கேதான் இருக்கிறது. கட்டுரையாளர் மனதில் இருக்கும் கேள்வி, ‘நான் செய்தது சரியா?’ எடிட்டர் மனதில் இருக்கும் கேள்வி, ‘இது என் வாசகர்களுக்கானதா? இதைப் படித்துச் சொல்ல ஆள் கிடைப்பாரா?’ இரண்டும் வேறு வேறு. முதல் கேள்விக்கான பதிலை எதிர்பார்த்து நிற்பவருக்கு இரண்டாவதற்கான பதில் வந்து சேர்கிறது.

1937-இல் உயிர்வேதியியலாளர் ஹான்ஸ் கிரெப்ஸ் தன் சிட்ரிக் அமிலச் சுழற்சியைப் பற்றி ‘நேச்சர்’ இதழுக்கு ஒரு கடிதக் கட்டுரை அனுப்பினார். ‘ஏழெட்டு வாரங்களுக்குப் போதுமான கடிதங்கள் கையில் இருக்கின்றன’ என்று எடிட்டர் திருப்பி அனுப்பினார். கிரெப்ஸ் அதை ‘என்சைமோலோஜியா’ என்ற இதழில் வெளியிட்டார். 1953-இல் நோபல் பரிசு பெற்றார். நோபல் வாங்கிய ஆய்வையே ‘நேச்சர்’ நிராகரித்தது என்று இந்தக் கதையை எல்லோரும் சொல்வார்கள். அந்தக் கடிதத்தை முழுதாகப் படித்தால் வேறொன்று தெரியும். தாமதம் பரவாயில்லை என்றால் நெருக்கடி தீரும்வரை வைத்திருக்கத் தயார், சீக்கிரம் வரவேண்டுமென்றால் வேறிடத்துக்கு அனுப்ப வசதியாக இப்போதே திருப்பித் தருகிறேன் என்றும் அதில் இருக்கிறது. அறிவியலைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. பக்கமில்லை, அவ்வளவுதான். ஏறக்குறைய தொண்ணூறு ஆண்டுகளாகியும் நாம் அதை ஒரு மதிப்பெண்ணாகவே படித்துக்கொண்டிருக்கிறோம்.

ஆகவே கட்டுரையை எப்படி அனுப்புவது என்ற முடிவை நான் ஒரே அளவுகோலை வைத்துப் பார்க்கிறேன்: இந்த வழியில் போனால் எடிட்டரோடு பேச்சு எப்போது தொடங்குகிறது, அப்போது எனக்கு மாற்றிக்கொள்ள என்ன மிச்சமிருக்கிறது?

நேரே அனுப்புவது

பெரும்பாலோர் செய்வது இதுதான். இதழின் வார்ப்புருவில் கட்டுரையை அடைத்து, ‘உங்கள் மதிப்புமிக்க இதழில்’ என்று தொடங்கும் கவர் லெட்டரை ஒட்டி, பொத்தானை அழுத்திவிட்டுக் காத்திருப்பது. எடிட்டரின் குரல் முதன்முதலில் கேட்பது முடிவுக் கடிதத்தில். அதற்குள் எல்லாம் முடிந்துபோயிருக்கும்.

இதை மட்டமான வழி என்று சொல்லமாட்டேன். உங்கள் கட்டுரை எங்கே பொருந்தும் என்று நிச்சயமாகத் தெரிந்தால், அந்த இதழிலேயே நீங்கள் நாலு கட்டுரை படித்து மேற்கோள் காட்டியிருந்தால், இதைவிட விரைவான வழி இல்லை. வின்சென்ட் கல்காக்னோ குழுவினர் 2012-இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியிட்ட ஆய்வில், 923 உயிரியல் இதழ்களில் வந்த எண்பதாயிரத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகளின் பயணத்தை விசாரித்தார்கள். சுமார் 75% கட்டுரைகள் முதலில் அனுப்பிய இதழிலேயே வெளியாகியிருந்தன. அதாவது எழுதுபவர்கள் பொதுவாகத் தங்கள் இடத்தைச் சரியாகவே கணிக்கிறார்கள். (வெளியான கட்டுரைகளை மட்டுமே வைத்த கணக்கு இது, எங்குமே வராமல் போனவை இதில் இல்லை.)

கணிப்பு தவறினால்தான் விலை ஏறுகிறது. ஒரு கட்டுரையை ஒரே நேரத்தில் ஓர் இதழுக்கு மட்டுமே அனுப்பலாம் என்பது அநேகமாக எல்லாத் துறைகளிலும் விதி. அமெரிக்கச் சட்ட இதழ்கள் போன்ற சில விதிவிலக்குகள் உண்டு. அங்கே ஒரே கட்டுரையைப் பல இதழ்களுக்கு ஒருசேர அனுப்புவது வழக்கம். மற்றவர்களுக்கு ஒவ்வொரு தவறான கதவும் வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் நேரத்தைத் தின்னும்.

முன்கூட்டியே கேட்டுவிடுவது

‘ப்ரீசப்மிஷன் என்கொயரி’ என்பார்கள். கட்டுரையை அனுப்பாமல், சுருக்கத்தோடு ஒரு கடிதம் எழுதி ‘இது உங்களுக்கு உதவுமா?’ என்று கேட்பது. பல இதழ்கள் இதற்கெனத் தனிப் படிவமே வைத்திருக்கின்றன. சில இதழ்கள் வேண்டாம் என்று வெளிப்படையாகச் சொல்லிவிடும். எதுவும் சொல்லாத இதழ்களுக்கு அலுவலக மின்னஞ்சலில் எழுதிக் கேட்கலாம். என் அனுபவத்தில் பாதிப் பேராவது பதில் எழுதுகிறார்கள்.

இதன் பெரிய லாபம் பலருக்கும் உறைப்பதில்லை. விசாரணைக் கடிதம் என்பது சமர்ப்பிப்பு அல்ல. ஆகவே ஒரே இதழ் என்ற விதி இதற்குப் பொருந்தாது. மூன்று இதழ்களுக்கு ஒரே நாளில் எழுதலாம். நேரே அனுப்பினால் ஆறு மாதத்தில் தெரிந்துகொள்வதைப் பத்து நாளில் தெரிந்துகொள்ளலாம்.

ஆனால் கடிதத்தில் உயிர் இருக்கவேண்டும். என் உள்பெட்டிக்கு வந்தவற்றில் பெரும்பகுதி இப்படித்தான் இருக்கும்: ‘எங்களின் புதுமையான ஆய்வு இத்துறையில் பெரும் தாக்கத்தை ஏற்படுத்தும் என நம்புகிறோம். உங்கள் உயர்ந்த இதழுக்கு ஏற்றதா எனத் தெரிவிக்கவும்.’ இதற்கு நான் என்ன பதில் சொல்வது? அனுப்புங்கள் என்றால் பொய். வேண்டாம் என்றால் எதை வேண்டாம் என்கிறேன் என்றே எனக்குத் தெரியாது. கற்பனையாக ஒரு நல்ல கடிதத்தை எழுதிக் காட்டுகிறேன்:

‘இரவுப் பணி முடித்த செவிலியர்கள் மருந்தளவைக் கணக்கிடுவதில் கூடுதலாகத் தவறு செய்கிறார்களா என்று பார்த்தோம். செய்கிறார்கள், ஆனால் தொடர்ச்சியாக மூன்றாம் இரவுக்குப் பிறகுதான். ஒரே மருத்துவமனை, 64 பேர் என்பது எங்கள் ஆய்வின் எல்லை. பணிநேர அட்டவணைகளைப் பற்றி நீங்கள் தொடர்ந்து வெளியிடுவதால் உங்களுக்கு எழுதுகிறோம். ஒரே இடத்துத் தரவை வைத்த ஆய்வுகளை மதிப்பாய்வுக்கு அனுப்புவது உண்டா?’

ஐந்தே வாக்கியம். கடைசி வாக்கியத்தைப் பாருங்கள். அதற்கு ஆம், இல்லை என்று பதில் சொல்லமுடியும். தன் பலவீனத்தைத் தானே எடுத்து வைத்துவிட்டதால் எடிட்டருக்கு அதைத் தோண்டிக் கண்டுபிடிக்கும் வேலையும் இல்லை. இப்படிப்பட்ட கடிதத்தைப் படித்தால், கட்டுரை எங்களுக்குப் பொருந்தாவிட்டாலும் ‘இன்ன இதழுக்கு அனுப்பிப் பாருங்களேன்’ என்று ஒரு வரி சேர்த்து எழுதத் தோன்றும். நான் எழுதியிருக்கிறேன்.

ஒரு எச்சரிக்கை. ‘ஆர்வமாக இருக்கிறது, அனுப்புங்கள்’ என்று பதில் வந்தால் அது வாக்குறுதி அல்ல. ‘வந்தால் படிக்கிறேன்’ என்று மட்டுமே பொருள். மதிப்பாய்வுக்குப் போகும் என்றுகூட அர்த்தமில்லை. அதை வீட்டில் சொல்லி இனிப்பு வாங்கிவிட்டு, பத்து நாளில் மதிப்பாய்வுக்கே போகாமல் ‘டெஸ்க் ரிஜெக்ட்’ வாங்கியவர்களின் கோபத்தை நான் மின்னஞ்சலில் சம்பாதித்திருக்கிறேன்.

ப்ரீபிரிண்ட்: ஊரறியப் போட்டுவிட்டு அனுப்புவது

மதிப்பாய்வுக்கு முன்பே கட்டுரையை எல்லோரும் படிக்க இணையத்தில் போட்டுவிடுவதுதான் ப்ரீபிரிண்ட். இயற்பியல்காரர்களுக்கு இது பழைய சங்கதி. பால் கின்ஸ்பார்க் தொடங்கிய ஆர்க்கைவ் தளம் 1991 முதல் இருக்கிறது. உயிரியலுக்கு பயோஆர்க்கைவ் 2013-இல் வந்தது, மருத்துவத்துக்கு மெட்ஆர்க்கைவ் 2019-இல். ஏற்கெனவே வெளியானதை இதழ் ஏற்காது என்ற பயம் இன்னும் பலருக்கு இருக்கிறது. அதன் வேர், ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ எடிட்டராக இருந்த ஃபிரான்ஸ் இங்கல்ஃபிங்கர் 1969-இல் அறிவித்த விதி. இன்று பெரும்பாலான அறிவியல் இதழ்கள் ப்ரீபிரிண்டை முன்வெளியீடாகக் கருதுவதில்லை. ஆனாலும் அனுப்பவிருக்கும் இதழின் கொள்கைப் பக்கத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள். சமூக அறிவியலிலும் மானுடவியலிலும் நிலைமை சீராக இல்லை.

என் அளவுகோலை வைத்துப் பார்த்தால், ப்ரீபிரிண்ட் மட்டும் தனியாக எடிட்டரோடு எதுவும் பேசுவதில்லை. நீங்கள்தான் முந்தினீர்கள் என்பதை நிலைநாட்டும், சில வாசகர் கருத்துகளைக் கொண்டுவரும். அதன்மேல் கட்டப்பட்ட அமைப்புகள்தான் சுவாரசியமானவை. எம்போ, ஆசாப்பயோ என்ற உயிரியல் அமைப்புகள் 2019-இல் தொடங்கிய ரிவ்யூ காமன்ஸில் மதிப்பாய்வு முதலில் நடக்கிறது, இதழ் பிறகு வருகிறது. மதிப்பாய்வாளரிடம் ‘இந்த இதழுக்குப் போதுமா?’ என்று யாரும் கேட்பதில்லை. ஆய்வைப் பற்றி மட்டும் பேசுகிறார்கள். நான் மேலே சொன்ன இரண்டு கேள்விகளையும் பிரித்துவைத்த ஏற்பாடு இது. அந்தக் காரணத்துக்காகவே எனக்குப் பிடிக்கும்.

ஈலைஃப் என்ற உயிரியல் இதழ் இன்னும் ஒரு படி மேலே போனது. 2023 தொடங்கி அங்கே மதிப்பாய்வுக்குப் பிறகு ஏற்பு, நிராகரிப்பு என்ற முடிவே கிடையாது. எதை மதிப்பாய்வுக்கு எடுப்பது என்பதை மட்டும் எடிட்டர்கள் முடிவு செய்கிறார்கள். எடுத்துவிட்டால் மதிப்பாய்வுகளும், ஆய்வின் முக்கியத்துவத்தையும் ஆதாரத்தின் வலுவையும் பற்றிய ஒரு குறிப்பும் கட்டுரையோடு சேர்ந்து வெளிவரும். திருத்துவதா, எவ்வளவு திருத்துவது, எப்போது இறுதி வடிவம் என்று அறிவிப்பது எல்லாம் கட்டுரையாளர் கையில். எடிட்டரின் அதிகாரம் கதவோடு முடிந்து, உள்ளே அவர் உரையாடுபவராக மாறிவிடுகிறார். கேட்க அருமையாக இருக்கிறது. ஆனால் உங்கள் நிறுவனம் பதவி உயர்வுக்கு இம்பாக்ட் ஃபேக்டரை (ஓர் இதழின் கட்டுரைகள் சராசரியாக எத்தனை முறை மேற்கோள் காட்டப்படுகின்றன என்ற அளவீட்டை) எண்ணுகிறதா? 2024 இறுதியில் வெப் ஆஃப் சயின்ஸ் என்ற ஆய்விதழ்த் தரவுத்தளம் ஈலைஃபைப் பகுதியாக மட்டுமே அட்டவணைப்படுத்துவது என்று முடிவெடுத்ததால் அந்த இதழுக்கு இம்பாக்ட் ஃபேக்டர் இல்லாமல் போனது. வேலை நிரந்தரமானவர்களுக்கு இது கொள்கை விவகாரம். ஒப்பந்தத்தில் இருப்பவருக்கு வயிற்றுப் பிரச்சினை. அவர்களைப் பார்த்து ‘துணிந்து போங்கள்’ என்று சொல்ல எனக்கு வாய் வராது.

தரவு சேரும் முன்பே: ரெஜிஸ்டர்டு ரிப்போர்ட்

இங்கே வரிசையே தலைகீழ். கேள்வி, கருதுகோள், செய்முறை, பகுப்பாய்வுத் திட்டம் ஆகியவற்றை மட்டும் எழுதி அனுப்புகிறீர்கள். மதிப்பாய்வாளர்கள் அதைப் பார்த்துத் திருத்தம் சொல்கிறார்கள். ஏற்றுக்கொண்டால் கொள்கையளவில் ஏற்பு கிடைக்கும். பிறகு ஆய்வைச் செய்கிறீர்கள். சொன்னபடி ஒழுங்காகச் செய்திருந்தால் முடிவு எப்படி வந்தாலும் கட்டுரை வெளியாகும். உளவியலாளர் கிறிஸ் சேம்பர்ஸின் முயற்சியில் ‘கார்டெக்ஸ்’ இதழ் 2013-இல் இதைத் தொடங்கியது. இன்று முந்நூறுக்கும் மேற்பட்ட இதழ்கள் ஏற்கின்றன.

இதன் விளைவு எண்ணில் தெரிகிறது. ஆன் ஷீலும் கூட்டாளிகளும் 2021-இல் வெளியிட்ட ஒப்பீட்டில், வழக்கமான உளவியல் கட்டுரைகளில் 96% முதல் கருதுகோள் சரியென்று முடிந்திருந்தன. ரெஜிஸ்டர்டு ரிப்போர்ட்களில் 44% மட்டுமே. ‘எடிட்டர்களுக்கு வெற்றிக் கதைதான் வேண்டும்’ என்று நாமாகவே நினைத்துக்கொண்டு எத்தனை முடிவுகளை மேசை இழுப்பறையில் போட்டுப் பூட்டியிருக்கிறோம் என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் கிடைப்பது கடினம். மேலும், ‘கட்டுப்பாட்டுக் குழு ஒன்று இருந்திருக்கவேண்டும்’ என்ற மதிப்பாய்வாளரின் வரி, ஆய்வு முடிந்த பிறகு வந்தால் நெஞ்சில் குத்தும். தொடங்கும் முன்பே வந்தால் அது ஆலோசனை. சொல் ஒன்றுதான், வரும் நேரம்தான் வேறு.

எல்லோருக்கும் ஒத்துவராது. கோட்பாட்டு ஆய்வுக்கும் ஆவணக்காப்பகத்தில் தேடித் தேடிப் போகும் வரலாற்று ஆய்வுக்கும் இது பொருந்துவது சிரமம். முதல் கட்ட மதிப்பாய்வுக்கே மாதங்கள் ஆகும். உதவித்தொகை முடியப்போகும் மாணவருக்கு அந்த மாதங்கள் இல்லை. ஆனால் கருதுகோளைச் சோதிக்கும் ஆய்வு, இன்னும் தொடங்கவில்லை, கையில் ஓராண்டுக்கு மேல் இருக்கிறது என்றால் நான் இதைத்தான் முதலில் யோசிப்பேன்.

பெயர் தெரியவேண்டுமா, கூடாதா

எந்த வழியில் போனாலும் இடையில் இந்தத் தேர்வும் வந்து நிற்கும். சில இதழ்கள் கேட்கின்றன: உங்கள் பெயரை மதிப்பாய்வாளரிடமிருந்து மறைக்கட்டுமா?

2022-இல் வெளியான ஒரு சோதனையில் ஒரே நிதியியல் கட்டுரையை மூன்று விதமாக அனுப்பினார்கள். நோபல் பரிசு பெற்ற வெர்னன் ஸ்மித்தின் பெயர் தெரிந்தபோது நிராகரிக்கச் சொன்னவர்கள் 23%. பெயரே இல்லாதபோது 48%. அவருடன் எழுதிய, அதிகம் அறியப்படாத இளம் ஆய்வாளரின் பெயர் மட்டும் தெரிந்தபோது 65%. உங்கள் பெயர் இன்னும் யாருக்கும் தெரியாது என்றால் மறைத்துக்கொள்ளுங்கள். இதில் இரண்டாம் யோசனை வேண்டாம்.

மதிப்பாய்வாளரின் பெயரை வெளியிடுவது வேறு விவகாரம். ‘பிஎம்ஜே’ மருத்துவ இதழ் 1999-இல் வெளியிட்ட சோதனையில், பெயரைச் சொல்வதால் மதிப்பாய்வின் தரம் கூடவுமில்லை, குறையவுமில்லை. ஆனால் வேண்டாம் என்று மறுத்தவர்கள் கூடினார்கள். பதினொரு அழைப்பு அனுப்பிய எனக்கு அந்தக் கடைசி வரி கசக்கிறது.

மதிப்பாய்வாளரின் பெயர் மறைந்திருப்பதிலும் ஒரு கோளாறு உண்டு. 1936-இல் ஐன்ஸ்டீனும் ரோசனும் ஈர்ப்பலைகள் பற்றி ‘ஃபிசிக்கல் ரிவ்யூ’வுக்கு ஒரு கட்டுரை அனுப்பினார்கள். எடிட்டர் ஜான் டேட் அதை வெளியார் ஒருவருக்கு அனுப்பி, வந்த விமர்சனத்தை ஐன்ஸ்டீனுக்கு அனுப்பிவைத்தார். அச்சிடத்தான் கொடுத்தோம், அதற்குமுன் யாரிடமும் காட்டச் சொல்லவில்லை என்று கொதித்து ஐன்ஸ்டீன் கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். அவர் பழகியிருந்த ஜெர்மானிய இதழ்களின் வழக்கம் வேறு. டேட் செய்தது தன் இதழின் வேலை. இருவரும் தத்தம் ஊர் வழக்கப்படி சரியாகவே நடந்துகொண்டார்கள். அந்தப் பெயரில்லாத மதிப்பாய்வாளர் ஹெச். பி. ராபர்ட்சன். அவர் பின்பு பிரின்ஸ்டனில் ஐன்ஸ்டீனின் உதவியாளர் இன்ஃபெல்டோடு சாதாரணமாகப் பேசிக்கொண்டிருந்தபோது அதே பிழையை எடுத்துக்காட்டினார். கட்டுரையின் முடிவு மாறியது. மாறிய வடிவம் 1937-இல் வேறோர் இதழில் வந்தது. கடிதமாக வந்தபோது அவமானமாகத் தெரிந்த அதே கருத்து, பேச்சாக வந்தபோது இறங்கியது.

இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறது, பெயரை விட்டுவிட்டு மதிப்பாய்வை மட்டும் வெளியிடுவது. ‘எம்போ ஜர்னல்’ 2009 முதல் இதைச் செய்கிறது. ‘நேச்சர்’ இதழும் 2025 ஜூன் முதல் புதிதாக வரும் ஆய்வுக் கட்டுரைகளுக்கு இதை வழக்கமாக்கியது. கட்டுரையாளர்களுக்கு இதில் ஒரு புதையல் இருக்கிறது. நீங்கள் குறிவைக்கும் இதழில் உங்கள் தலைப்புக்குப் பக்கத்தில் இருக்கும் மூன்று கட்டுரைகளின் மதிப்பாய்வுக் கோப்புகளைப் படியுங்கள். அங்கே எடிட்டர் எதைப் பெரிதாக எடுத்துக்கொள்கிறார், எதைக் கண்டுகொள்ளாமல் விடுகிறார் என்பது பச்சையாகத் தெரியும். எழுதுவது எப்படி என்ற எந்தப் பயிற்சி வகுப்பும் இதற்கு ஈடாகாது.

முடிவு வந்த பிறகு

முதலில் சொற்களைச் சரியாகப் படிக்கவேண்டும். ‘மேஜர் ரிவிஷன்’, அதாவது பெரிய திருத்தம் வேண்டும் என்ற முடிவு, வந்ததும் அழுதவர்களை எனக்குத் தெரியும். எடிட்டர் பக்கத்தில் அது பாதி ஏற்பு. வேண்டாம் என்று சொல்வது எங்களுக்கு மிகச் சுலபம். இன்னும் இரண்டு மாதம் இந்தக் கட்டுரையோடு மல்லுக்கட்டத் தயார் என்று ஒருவர் எழுதியிருக்கிறார் என்றால் அவருக்கு அது வேண்டும். ‘எங்கள் வாசகர்களுக்கு முன்னுரிமை இல்லை’ என்றால் ஆய்வில் தவறு கண்டோம் என்று பொருளில்லை. ‘தற்போதைய வடிவில் ஏற்க இயலாது’ என்பதில் ‘தற்போதைய’ என்ற சொல் சிலருக்கு உண்மையான அழைப்பு, சிலருக்கு வெறும் மரியாதை. தெரியவில்லையென்றால் ஒரு வரி எழுதிக் கேட்டுவிடலாம்: ‘புதிய தரவோடு திரும்ப அனுப்பினால் பார்ப்பீர்களா?’ இதைக் கேட்டதற்காக யாரையும் நான் தவறாக நினைத்ததில்லை.

நிராகரிப்பு என்றால் மூன்று வழி. மேல்முறையீடு செய்வது, அதே பதிப்பகத்தின் இன்னோர் இதழுக்கு மாற்றிக்கொள்வது, வேறெங்காவது போவது.

மேல்முறையீட்டின் இலட்சணத்துக்கு மருத்துவ இயற்பியலாளர் ரோசலின் யாலோவைத்தான் சொல்வேன். அவரும் சாலமன் பெர்சனும், இன்சுலினுக்கு எதிராக உடல் நோயெதிர்பொருளை உருவாக்குகிறது என்று காட்டிய கட்டுரையை ‘ஜர்னல் ஆஃப் கிளினிகல் இன்வெஸ்டிகேஷன்’ 1955-இல் நிராகரித்தது. அவர்கள் வாதாடினார்கள். கடைசியில் தலைப்பில் இருந்த ‘இன்சுலின் நோயெதிர்பொருள்’ என்ற சொல்லை விட்டுக்கொடுத்து, இன்சுலினைப் பிணைக்கும் குளோபுலின் என்று மாற்றினார்கள். 1956-இல் வெளியானது. ஆனால் அது நோயெதிர்பொருள்தான் என்ற முடிவை அவர்கள் விடவில்லை. யாலோ 1977-இல் நோபல் உரையில் அந்த நிராகரிப்புக் கடிதத்தையே காட்டினார். நாம் கவனிக்கவேண்டியது அவர் மறக்காததை அல்ல. எதை விட்டுக்கொடுத்தார், எதை விடவில்லை என்பதை.

என்னிடம் வந்த மேல்முறையீடுகளில் எடுபட்டவை எல்லாம் ஒரே மாதிரி இருந்தன. மதிப்பாய்வாளர் ஓர் உண்மையைத் தவறாகப் படித்திருந்தார். கட்டுரையாளர் பக்க எண்ணோடு அதைக் காட்டினார். ‘என் ஆய்வின் முக்கியத்துவத்தை நீங்கள் உணரவில்லை’ என்பவை எடுபடவே இல்லை. அது தீர்ப்பு, தீர்ப்பில் எடிட்டரோடு மல்லுக்கட்ட முடியாது. எதுவானாலும் மூன்று நாள் ஆறப்போட்டு எழுதுங்கள்.

இதழ் மாற்றம் பற்றிச் சொல்ல அதிகமில்லை. மதிப்பாய்வுகள் நன்றாக வந்து, இடம்தான் பொருந்தவில்லை என்றால் கூடவே எடுத்துப்போவது லாபம். கட்டணம் எவ்வளவு என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். வேறெங்காவது போவதில் வெட்கமே வேண்டாம். மேலே சொன்ன கல்காக்னோ ஆய்விலேயே, ஓரிடத்தில் நிராகரிக்கப்பட்டு வேறிடத்தில் வந்த கட்டுரைகள் சராசரியாகக் கொஞ்சம் கூடுதலாகவே மேற்கோள் காட்டப்பட்டிருந்தன.

எடிட்டர் பக்கத்துக் கடன்

கட்டுரையாளரே எல்லாவற்றையும் ஊகித்துக்கொள்ளவேண்டும் என்பது அநியாயம்தான். என் தவறு ஒன்றைச் சொல்கிறேன். ஒரு கட்டுரையின் மூன்றாம் பகுதியைச் சுருக்கு என்றார் முதல் மதிப்பாய்வாளர். அதையே விரிவாக்கு என்றார் இரண்டாமவர். இரண்டையும் ஒட்டி, ‘மதிப்பாய்வாளர்களின் கருத்துகளைக் கவனத்தில் கொள்ளவும்’ என்ற தயார் கடிதத்தோடு அனுப்பிவிட்டேன். அன்று அது எனக்கு ஒன்பதாவது கடிதம். ஏழு வாரம் கழித்துத் திருத்தம் வந்தது. பாவம், அந்த மனிதர் இரண்டையும் செய்திருந்தார். மூன்றாம் பகுதி பாதியாகச் சுருங்கியிருந்தது. வெட்டியதெல்லாம் விரிவுபட்டு ஒரு பின்னிணைப்பாக வந்து உட்கார்ந்திருந்தது. ‘இதில் முதலாமவர் சொல்வதைப் பின்பற்றுங்கள்’ என்று நான் ஒரு வரி எழுதியிருந்தால் அவருடைய ஏழு வாரம் மிஞ்சியிருக்கும். அதற்குப் பிறகு அந்த ஒரு வரி இல்லாமல் நான் கடிதம் அனுப்பியதில்லை. கட்டுரையாளர்களுக்கும் இதில் உரிமை உண்டு. முரண் இருந்தால் திருத்தத் தொடங்கும் முன்பே ‘எதைப் பின்பற்றட்டும்?’ என்று எழுதிக் கேளுங்கள்.

சரி, எதைத் தேர்வது? ஆய்வு இன்னும் தொடங்காமல், நேரமும் இருந்தால் ரெஜிஸ்டர்டு ரிப்போர்ட். முடிந்த ஆய்வு, எங்கே பொருந்தும் என்று சந்தேகம் என்றால் முன்விசாரணை. கூடவே துறை அனுமதித்தால் ப்ரீபிரிண்ட். இடம் நிச்சயம் என்றால் நேரே அனுப்பிவிடுங்கள். ஈலைஃப் வழி, அளவீடுகளின் பிடியில் இல்லாதவர்களுக்கு.

அந்தப் பெண்ணுக்கு இவையெல்லாம் காலம் கடந்த யோசனை. அவர் நேரே அனுப்பி ஐந்து வாரம் ஆகியிருந்தது. “தாராளமா மெயில் போடும்மா. ஆனா ‘என்ன ஆச்சு’ன்னு கேக்காதே. அவங்களுக்கு ஆள் கிடைக்கலன்னா நீ பேர் சொல்லலாமான்னு கேளு” என்றேன். மூன்று வரியில் எழுதினார். இரண்டு நாளில் பதில் வந்தது: ஒருவர் ஒப்புக்கொண்டிருக்கிறார், இரண்டாமவரைத் தேடுகிறோம், பரிந்துரைத்தால் உதவியாக இருக்கும்.

மூன்று பெயர்களை எழுதி, அனுப்பும் முன் என்னிடம் காட்டினார். முதல் இரண்டும் நல்ல தேர்வு. மூன்றாமவர் இவருடைய நெறியாளரோடு போன வருடம்தான் சேர்ந்து எழுதியவர். அதை எடுத்துவிடச் சொன்னேன்.